கடலுக்கு இடுப்பு இல்லாத வருடம்

கடல்நிலை அறிவிப்பாளர் பதவிக்குத் துறைமுக அலுவலகம் வகுத்திருக்கும் தகுதிகள் இவை: முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ஐந்தரை அடிக்குக் குறையாத உயரம், திடமான உடற்கட்டு, நீச்சலில் தேர்ச்சி, சிறு படகுகளில் நெடுநேரம் இருந்த பழக்கம் ஆகியவை வேண்டும். கடைசியாக, அச்சமின்மை. அதை எந்தச் சான்றிதழைக் காட்டி நிரூபிப்பது என்று மட்டும் ஆணை சொல்லவில்லை.

அந்தப் பதவியில் இருப்பவருக்கு வயது நாற்பத்தாறு. அலமாரியின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் பிறர் சொல்லித்தான் அறிவார். நீச்சல் தெரியாது. பேருந்தில் பின்சீட்டுதான் கிடைக்கும் என்றால் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார். பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். படகு என்பது அவரைப் பொறுத்தவரை சன்னல் வழியாகப் பார்க்க வேண்டிய பொருள். அச்சமின்மையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அவர் அந்த அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவர். அவருக்கு முன்பு அறிவிப்பாளராக இருந்தவர் ஆறடி மனிதர். ஆணை கேட்கும் தகுதிகள் எல்லாம் அவரிடம் இருந்தன, கடைசித் தகுதி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஒரு நாள் காலையில் 'போக வேண்டாம்' என்று தன் கையாலேயே எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று பார்க்கப் படகில் போனார். சரியாகத்தான் எழுதியிருந்தார். கால் எலும்பு கூடிய பிறகு அவர் கடலே கண்ணில் படாத ஊரில் ஒரு கிடங்கு வேலையைத் தேடிக்கொண்டார். 'தகுதியான நபர் கிடைக்கும் வரை, தற்காலிகமாக' அந்தப் பொறுப்பைத் தட்டச்சர் கவனிப்பார் என்று ஓர் ஆணை வந்தது. அதைத் தட்டச்சு செய்ததும் அவரே. தகுதியான நபரை யாராவது தேடினார்களா என்று தெரியவில்லை. தேடச் சொல்லும் கடிதத்தை அவர்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்திருக்கும். அவருக்கு அப்படி ஒரு கடிதம் நினைவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஊரில் அவருக்குப் 'பலகையக்கா' என்று பெயர். படகுத்துறை வாசலில் நிற்கும் கரும்பலகையில் தினமும் காலையில் அவர் எழுதுவதால் வந்த பெயர். எழுதுவது திட்டைப் பற்றி.

திட்டு என்பது கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒரு பாறைமேடு. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, கடல் முழுவதையும் அலுங்காமல் கடந்து வந்து, அந்த மேட்டில் கால் தடுக்கி எழுந்து நின்று, சுருண்டு உடையும். அந்த அலையின் மேல் போர்டு போட்டு நின்று சறுக்குவதற்காக மனிதர்கள் காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். இதை ஏன் செய்கிறார்கள் என்று பலகையக்காவுக்கு இன்றுவரை விளங்கியதில்லை. எப்போது செய்யலாம் என்று மட்டும் தெரியும்.

அவருடைய அறை துறையின் மாடியில். மேசையில் ஒரு கணினி. நடுக்கடலில் கிடக்கும் மிதவை ஒன்று, தன் மேல் ஏறி இறங்கும் அலையின் உயரத்தையும் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் அதில் சொல்லிக்கொண்டிருக்கும். சுவரில் நீரேற்றம், நீரிறக்கம் இவற்றின் அட்டவணை. சன்னலுக்கு வெளியே கடலைப் பார்க்க முடியாது. மீன் குளிர்பதனக் கிடங்கின் கூரை மறைக்கிறது. திட்டில் அலை பெரிதாக உடைந்தால் அந்தக் கூரைக்கு மேலே வெள்ளையாக ஒரு தூறல் எழும்பி மறையும். கடலில் என்ன நடக்கிறது என்று ஊருக்குச் சொல்பவர் தன் மேசையிலிருந்து கடலைப் பார்ப்பது அவ்வளவுதான்.

அந்த அறையில் இன்னொரு பொருளும் இருந்தது. முதலுதவி அலமாரி. கீழே இடம் இல்லை என்று மேலே வைத்திருந்தார்கள். திட்டில் விழுந்து முதுகும் முழங்கையும் உரிந்து வருபவர்கள் படியேறி வந்து அவர் முன் திரும்பி நிற்பார்கள். பாறைத்தூள் உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும் என்பதால் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, மருந்து போட வேண்டும். அவர் திட்டைப் பார்த்ததில்லை. திட்டைப் பார்த்துவிட்டு வந்த முதுகுகளைப் பார்த்திருக்கிறார்.

அலையின் உயரத்தை அங்கே யாரும் அடிக்கணக்கில் சொல்வதில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை என்றுதான் எழுதுவார்கள். அலையின் முன்னால் நிற்கும் ஆளுக்கு அது எதுவரை வரும் என்பது கணக்கு. யாருடைய இடுப்பு, யாருடைய தலை என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் ஆறடிக்காரர் இருந்தவரை எல்லாம் அவருடையது. பலகையக்கா வந்த முதல் வாரத்தில் கடல் திடீரென்று வளர்ந்துவிட்டது. நேற்று இடுப்பாக இருந்த அலை இன்று நெஞ்சானது. இரண்டு மூன்று நாள் குழம்பிய பிறகு படகுக்காரர்களுக்கு விஷயம் புரிந்தது. "இது அக்கா அளவு" என்று சொல்லிக்கொண்டு, பலகையில் இருப்பதில் கொஞ்சம் கழித்துப் படிக்கப் பழகினார்கள். ஆட்சேபணை எழவில்லை. அளவுகோல் மாறினாலும் அது தினமும் அதே அளவுகோலாக இருந்தால் போதும், ஆட்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மகளுக்குப் பதினெட்டு வயதானது.

மகள் உயரத்தில் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவர் குளிர்பதனக் கிடங்கில் டீசல் எஞ்சின் மெக்கானிக், கதவுநிலையில் குனிந்து நுழைகிற ஆள். பள்ளியிலிருந்தே கரையோர அலைகளில் சறுக்கிப் பழகியவள், இனித் திட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அம்மா உடனே மறுத்திருந்தால் சண்டையோடு முடிந்திருக்கும். அவர் நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர், அதனால் மறுக்கவில்லை. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஓர் ஒப்பந்தம் பேசினார்.

"அலை இடுப்பளவு இருக்கணும். தண்ணி பாதி ஏறியிருக்கணும், அப்பதான் பாறை மேல போதுமான ஆழம் இருக்கும். காத்து கரையிலிருந்து அடிக்கணும். இந்த மூணும் சேர்ந்த அன்னைக்கு நானே பலகையில எழுதுறேன். நீ போ. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

"நீயே எழுதுவியா?"

"வேற யாரு எழுதுறா?"

மகள் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "சாட்சிக் கையெழுத்து வேணும்னா கூப்பிடுங்க" என்றார்.

பலகையக்கா அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அடுத்த வாரமே அப்படி ஒரு காலை வந்தது. மிதவை சொன்னது, அட்டவணை சொன்னது, டீக்கடைப் புகை கடலை நோக்கிச் சாய்ந்திருந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றார். முந்திய நாள் மருந்து போட்ட ஒரு முதுகு நினைவுக்கு வந்தது. 'இடுப்பு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நெஞ்சு' என்று எழுதினார். பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சாண் கூடுதல்.

அடுத்த முறையும் நெஞ்சு என்று எழுதினார். அதற்கடுத்த முறை மகள் பலகையின் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்று படித்தாள். அதனால் பாதுகாப்புக்காக அதை 'தலை' ஆக்கினார். உயரம் மட்டும் போதாது என்று தோன்றிய நாட்களில் காற்றிலும் கைவைத்தார்: 'காற்று திரும்பும்.' காற்று திரும்பாது. அது கடலின் குணம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. கணிப்பு என்ற தொழிலில் இது ஒரு வசதி. தவறுக்கும் பொய்க்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்.

பலகையக்காவின் கொழுந்தனார், அதாவது மெக்கானிக்கின் தம்பி, ஒரு படகு வைத்திருந்தார். புதிதாகப் பழகுபவர்களைத் திட்டுக்கு அழைத்துப் போவது அவர் தொழில். பெரிய அலைக்கு அவர்கள் வரமாட்டார்கள். அலையே இல்லாத நாளிலும் வரமாட்டார்கள். அவருடைய பிழைப்பு முழுவதும் இடுப்பில் இருந்தது. சீசன் பாதி போன பிறகு ஒரு நாள், துறை வாசல் டீக்கடையில் பலகையைப் பார்த்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு சந்தேகம்."

"கேளு."

"இந்த வருஷம் முழங்கால் வருது, நெஞ்சு வருது, தலை வருது. நடுவுல இருந்தது எங்க போச்சு? கடலுக்கு இடுப்பே இல்லையா?"

டீக்கடைக்காரர் சிரித்தார். "டயட்டுல இருக்கும்பா."

"டயட்டுல இருந்தா இடுப்பு சிறுசாகும். ஒரேயடியாக் காணாமப் போகுமா?"

"வருஷத்துக்கு வருஷம் மாறும்" என்றார் பலகையக்கா. சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறிப் போனார். அவர் டீயை மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் கொழுந்தனார் அலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார், டீயைக் கவனிக்கவில்லை.

அவர் யோசித்து முடித்தபோது ஒரு முடிவு கிடைத்தது. அண்ணிக்கு வயதாகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும், மிதவை காட்டுவதை ஒரு படி கூட்டிப் படிக்கிறார். ஏற்கெனவே கழித்துப் படித்துப் பழகிய ஊர். இன்னும் கொஞ்சம் கழித்தால் போயிற்று. 'தலை' என்று இருந்த ஒரு நாள் துணிந்து பழகுநர்களை ஏற்றிக்கொண்டு போனார். திட்டில் அழகான இடுப்பளவு அலை. மறுமுறையும் அப்படியே. விஷயம் மற்ற படகுகளுக்கும் பரவியது. பலகையில் தலை என்றால் இடுப்பு என்று படி. இதைப் பலகையக்காவிடம் யாரும் சொல்லவில்லை. மரியாதைதான் காரணம். மகளிடமும் சொல்லவில்லை. அவள் அவருடைய மகள் என்பதுதான் காரணம். ஊரில் அவள் மட்டும் பலகையில் எழுதியிருந்ததை அப்படியே படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள் உண்மையாகவே தலையளவு அலை வந்தது. பலகையக்கா உள்ளபடி 'தலை' என்று எழுதினார். படகுகள் இடுப்பு என்று படித்துவிட்டுக் கிளம்பின.

நண்பகலில் படிக்கட்டில் ஈரக்கால் சத்தம் கேட்டது. கொழுந்தனார் உள்ளே வந்து, சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். பழகுநர் ஒருவரை இழுத்து மேலே ஏற்றப் போய்த் தானே பாறையில் உருண்டிருந்தார். தோளிலிருந்து இடுப்புவரை துருவியில் தேய்த்ததுபோல் இருந்தது. பலகையக்கா தூரிகையை எடுத்தார். அழுத்தித் தேய்த்தார்.

"மெதுவா அண்ணி. அது முதுகு, குக்கர் இல்ல."

"தலைன்னுதானே எழுதியிருந்தேன்" என்றார் அவர். "கொட்டை எழுத்துல எழுதியிருந்தேன். எதுக்குப் போன?"

"நீங்க தலைன்னு எழுதினா இடுப்புன்னு படிக்கப் பழகிட்டோம். வருஷம் பூரா அப்படித்தானே வருது. இன்னைக்குப் பார்த்தா நிஜமாவே தலை." அவர் வலியில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நிஜம்னா நிஜம்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழியில் சித்தப்பாவுக்கு அடிபட்டது என்று கேட்டு ஓடிவந்த மகள், கதவருகில் நின்றிருந்தாள்.

"வருஷம் பூராவுமா?" என்றாள்.

பலகையக்கா தூரிகையைத் தண்ணீரில் அலசினார். அலசிய தூரிகையை மறுபடியும் அலசினார். கொழுந்தனாருக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்து புரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டிய கண் அல்ல அது. அவர் திரும்பாமல், "இந்தப் பக்கம் இன்னும் எரியுது அண்ணி" என்றார். அண்ணிக்குச் செய்ய ஒரு வேலை கொடுப்பதற்காகச் சொன்னது.

"இனி நீ எழுதுறத நான் பாக்கமாட்டேன்மா" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "கடலப் பாத்துக்கிறேன். நல்லா இருந்தா சித்தப்பா படகுல போறேன்."

"சித்தப்பாகிட்ட யாரு கேட்டா?" என்றார் கொழுந்தனார், சுவரைப் பார்த்து.

"வேற படகு இல்லாமலா போச்சு?"

சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்று மெக்கானிக் பட்டினி.

வீட்டில் பேச்சு நிற்கவில்லை. ஆனால் எல்லாம் தகவலாகிவிட்டது. உப்பு எங்கே, துணி காய்ந்ததா, யார் கதவைப் பூட்டுவது. மெக்கானிக் இரண்டு பேருக்கும் நடுவில் பூச்சட்டி மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் ஒரே ஒரு முறை சொன்னார்: "எஞ்சின்ல ஒரு மீட்டர் தப்பாக் காட்டினா பரவாயில்ல, ஓட்டிடலாம். அது எப்பத் தப்பா காட்டும், எப்பச் சரியா காட்டும்னு தெரியாமப் போனாத்தான் வண்டிய ஓரங்கட்டணும்."

"என்னை ஓரங்கட்டச் சொல்றீங்களா?"

"மீட்டரச் சொன்னேன்."

அந்த வாரத்தின் கடைசியில் மிதவை விசித்திரமான ஒன்றைக் காட்டியது. அலையின் உயரம் குறைவு, முழங்கால்கூட இல்லை. ஆனால் அலைக்கும் அலைக்கும் நடுவிலான இடைவெளி நீண்டுகொண்டே போனது. இதற்கு அர்த்தம் என்ன என்று பலகையக்காவுக்குத் தெரியும். மிகத் தொலைவில் மிகப் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது. இப்போது வருவது அதன் முன்னோடி. இப்படிப்பட்ட அலை ஆழக்கடலில் படுத்தபடி வரும், கண்ணுக்கே தெரியாது. திட்டின் மேல் ஏறியதும் எழுந்து நிற்கும். வர வர வளரும். போதாததற்கு அன்று காலையிலிருந்து தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. மதியம் திட்டின் முதுகு தெரியும் அளவுக்கு வற்றும்.

அவர் எழுதினார்: 'தலைக்கு மேல். போக வேண்டாம்.'

எழுதிவிட்டுத் திரும்பிக் கடலைப் பார்த்தார். துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. வெயில், கரைக்காற்று, துறை முழுக்க ஆட்கள். அவர்கள் பலகையைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். 'தலைக்கு மேல்' என்பதை எவ்வளவு கழித்துப் படிப்பது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. நெஞ்சு என்றார் ஒருவர், இடுப்புதான் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர். மகள் மடியில் போர்டை வைத்துக்கொண்டு சித்தப்பாவின் படகில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனார் முதுகில் துணிபடாதபடி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைக் கையில் பிடித்தபடி, அவிழ்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி முகத்தில் எழுதியிருக்க நின்றார்.

"நீங்க கூட்டிட்டுப் போகலன்னா அடுத்த படகுல போறேன், சித்தப்பா."

"இரும்மா. உன் அம்மா வராங்க."

பலகையக்கா படகுத்துறையின் மரப்பாலத்தில் நடந்து வந்தார். அந்தப் பாலம் தண்ணீரின் மேல் இருப்பதால் அவர் அதில் கால் வைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"எல்லாரும் கேளுங்க" என்றார். குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. "தம்பிக்கு அடிபட்ட நாளத் தவிர, இந்த வருஷம் நான் எழுதின தலையெல்லாம் இடுப்பு. ஒண்ணு ரெண்டு நெஞ்சும் இடுப்புதான். காத்து திரும்பும்னு எழுதினதும் பொய். வேணும்னுதான் எழுதினேன். இன்னைக்கு எழுதினது நிஜம்."

டீக்கடைக்காரர் பாத்திரத்தோடு எழுந்து நின்றுவிட்டார். யாரோ ஒருவர், "அப்ப முழங்கால்?" என்றார்.

"முழங்கால் எல்லாம் சரியான முழங்கால்."

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்டு மாதிரி இருக்கேம்மா."

"மதியத்துக்குள்ள வரும்."

"வரலன்னா?"

"வரலன்னா நாளைக்கு நீ எங்க வேணா போ."

"நீ எது வேணா சொல்லுவ."

அது உண்மை. பலகையக்கா செருப்பைக் கழற்றிப் பாலத்தில் வைத்தார். கொழுந்தனாரின் தோளைப் பிடித்து, அது புண்பட்ட தோள் என்பதால் அவர் போட்ட சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு, படகுக்குள் இறங்கி மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். "சரி. அப்ப நானும் வரேன். கயிற அவுருப்பா."

"நானா?" என்றார் கொழுந்தனார். "அண்ணி படகுல இருக்கும்போது நான் கயிற அவுத்தா அண்ணன் என்ன எஞ்சினோட சேத்துக் கட்டிருவாரு. முடியாது."

"அப்ப இறங்கச் சொல்லுங்க" என்றாள் மகள்.

"இறங்குங்க அண்ணி."

"அவ இறங்கட்டும்."

இரண்டு பேரும் இறங்கவில்லை. படகும் கிளம்பவில்லை. மகளே அந்தக் கயிற்றை அவிழ்த்திருக்கலாம், அல்லது எழுந்து அடுத்த படகுக்குப் போயிருக்கலாம். ஆனால் எதிரில் அம்மாவின் முகம் மெல்ல மெல்ல வெண்டைக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கட்டிக்கிடக்கும் படகில், அலையில்லாத தண்ணீரில், ஒருவருக்கு இப்படி ஆகும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள், பார்த்ததில்லை. இந்த நிலையில் ஒருவர் பொய்க்காக உட்கார்ந்திருப்பாரா என்ற கேள்வி அவளுக்கு வந்திருக்க வேண்டும். அவள் போர்டைக் கீழே வைத்துவிட்டு வாளியை அம்மா பக்கம் தள்ளினாள்.

மற்ற படகுகள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இவர்களுக்காகக் காத்திருந்தன. வேடிக்கை பார்க்கிற இடத்தை விட்டுப் போக யாருக்கும் மனமில்லை. இப்படியாக அன்று காலை ஒரு படகும் கிளம்பவில்லை. இது பலகையின் பேச்சைக் கேட்டதாகாது, ஆனால் பலன் ஒன்றுதான்.

வெயில் உச்சிக்கு வந்தது. கடல் தட்டாகவே இருந்தது. அனுபவமுள்ள ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "அக்கா, மதியம்னா எந்த ஊர் மதியம்?" என்று கேட்டார். கணிப்பாளர்களுக்கு இதைவிட நீண்ட நேரம் உலகத்தில் கிடையாது. என்ன வரும் என்று தெரியும், எங்கிருந்து வரும் என்று தெரியும், எப்போது என்பதில்தான் கடல் தன் கௌரவத்தைக் காட்டும். பலகையக்கா வாளியிலிருந்து தலையை எடுத்து, "வரும்" என்றார். மறுபடி வாளிக்குள் குனிந்தார்.

டீக்கடைக்காரர் எல்லோருக்கும் ஒரு சுற்று டீ கொடுத்து முடித்து, கண்ணாடித் தம்ளர்களைத் திரும்ப அடுக்கும்போது, கட்டியிருந்த படகுகள் எல்லாம் ஒன்றாக, மெதுவாக, ஓர் ஆள் மூச்சு இழுப்பதுபோல் மேலே எழுந்தன. நீண்ட நேரம் மேலேயே நின்றன. பிறகு இறங்கின. கயிறுகள் முனகின. குளிர்பதனக் கிடங்கின் பக்கம் நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள். திட்டு இருக்கும் இடத்தில் கடல் வெள்ளையாக ஒரு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. சத்தம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. அது விழுந்த பிறகு, அடுத்ததற்கு முன்னால் தண்ணீர் உறிஞ்சப்பட்டபோது, பாறையின் கறுத்த முதுகு அங்கிருந்தே தெரிந்தது.

இடுப்புதான் என்று சத்தியம் செய்தவர் தன் போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

மகள் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தலைக்கு மேலதான்" என்றாள்.

"என் தலைக்கா உன் தலைக்கா?" என்றார் அம்மா, வாளிக்குள்ளிருந்து.

"சித்தப்பா தலைக்கும் மேல."

"சித்தப்பா தலைய இதுல இழுக்காதீங்க" என்றார் கொழுந்தனார். "முதுகு போயாச்சு. அது ஒண்ணுதான் மிச்சம்."

இரண்டு பேரும் சேர்ந்து பலகையக்காவைப் பாலத்தில் ஏற்றிவிட்டார்கள். செருப்பைப் போட்டுவிட்டது மகள்.

பெரிய அலை அடங்கச் சில நாட்கள் ஆகும். தினமும் பலகையில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. தலைக்கு மேல், தலை, நெஞ்சு. ஊர் இப்போது எதையும் கழிக்காமல் படித்தது. எழுதுகிறவரின் உயரத்துக்காகக் கழிப்பது மட்டும் தொடர்ந்தது. வீட்டில் மகள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் போர்டுக்கு மெழுகு பூசினாள், பூசியதையே மறுநாளும் பூசினாள். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குழம்பைக் கிளறினார்.

அந்தக் காலை வந்தது. மிதவை சொன்னது, அட்டவணை சொன்னது, டீக்கடைப் புகை கடல் பக்கம் சாய்ந்தது. பலகையக்கா மாடியிலிருந்து சாக்பீஸோடு இறங்கி வந்தார். மகள் வரிசையில் நான்கைந்து பேருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அம்மா எழுதும்வரை அவள் கடல் பக்கம் திரும்பவே இல்லை.

கொழுந்தனாரின் படகு போய்க் கிடங்கின் மூலையில் மறைந்த பிறகு பலகையக்கா மேலே வந்து உட்கார்ந்தார். தூரிகையை எடுத்து வைத்தார். மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். வழக்கத்துக்கு மாறாக மெக்கானிக் கிரீஸ் கையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கிடங்கில் அன்று ஓடாத எஞ்சின் எதுவும் இல்லை என்று தானாகவே விளக்கம் சொன்னார். இரண்டு பேரும் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு அலைக்கு அங்கே தூறல் எழும்பாது. அதைத் தெரிந்துகொண்டேதான் பார்த்தார்கள்.

மதியம் படிக்கட்டில் ஈரக்கால் சத்தம் கேட்டது. மகள் உள்ளே வந்தாள். முழங்கையில் ஒரு சின்னச் சிராய்ப்பு, அதை நீட்டினாள். முகம் சிராய்ப்போடு சம்பந்தமில்லாமல் மலர்ந்திருந்தது.

"முதல் அலையில குப்புற விழுந்தேன். ரெண்டாவதுலயும் விழுந்தேன். மூணாவது என்னத் தூக்கிட்டுப் போச்சுமா. திட்டோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். சித்தப்பா போட்ட கூச்சலுக்கு இங்க கேட்டிருக்கணும்."

"கேக்கல" என்றார் அப்பா. "கிடங்கு மோட்டர் சத்தம்." அவர் கண்ணைத் துடைத்ததில் கிரீஸ் கன்னத்தில் ஒட்டியது.

பலகையக்கா சிராய்ப்பைத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக் கழுவினார். "அலை எவ்வளவு இருந்துச்சு?"

"நீ எழுதினதுதான்." மகள் யோசித்தாள். "ஆனா என் இடுப்பு இல்ல. உன் இடுப்பு. எனக்குத் தொடை வரைக்கும்தான் வந்துச்சு. நாளைக்கு எழுதும்போது யாரோட இடுப்புன்னும் போட்டுடு."

"பலகையில இடம் இல்ல" என்றார் அம்மா.

துறைமுக அலுவலகக் கோப்பில் அந்தப் பதவி இன்னும் தற்காலிகமாகவே நிரப்பப்பட்டிருக்கிறது. தகுதியான நபர் கிடைத்தபாடில்லை. அச்சமின்மை என்ற தகுதி ஆணையில் அப்படியே இருக்கிறது. பலகையக்கா அதை இன்றும் பெறவில்லை. மகள் திட்டுக்குப் போகும் நாட்களிலெல்லாம் மருந்துப் புட்டியின் மூடி திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருக்கிறது. மகள் முதலில் போன அந்தக் காலையைப் பற்றிக் கோப்பில் ஒரு வரியும் இல்லை. கடலில் இடுப்பளவு அலை இருந்தது. அவர் பலகையில் 'இடுப்பு' என்று எழுதினார்.